திருகோணமலையில் கைபேசி இல்லாமல் ஸ்மார்ட் கடிகாரம் மட்டும்: சிக்னல் நம்பகத்தன்மைக்கான முழுமையான வழிகாட்டி

கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தை மட்டும் நம்பி நாள் முழுவதும் வெளியே இருக்க முடியுமா என்ற கேள்விக்குத் திருகோணமலையைப் பொறுத்தவரை எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்து பஸ் நிலையத்துக்கு அருகே வேலை செய்பவருக்கு ஒரு பதிலும், கிண்ணியா வழியாக மூதூருக்கோ, நிலாவெளியைத் தாண்டிக் குச்சவெளிக்கோ தினமும் போய்வருபவருக்கு வேறொரு பதிலும் இருக்கும். நீங்கள் போகும் பாதை, நீங்கள் சேர்ந்திருக்கும் வலையமைப்பு, அந்த வலையமைப்பு உங்கள் கடிகாரத்துக்கு உண்மையில் வழங்கும் சேவை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி கடிகாரம் வாங்குவதற்கு முந்திய கேள்விகளில் தொடங்கி, பாதைகளைச் சோதிக்கும் முறையைச் சொல்லி, சிக்னல் அறுந்துபோகும்போது உங்களுக்கு வரும் அழைப்பு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது வரை செல்கிறது.

கைபேசிக்கு எட்டுவது கடிகாரத்துக்கு ஏன் எட்டுவதில்லை

படிகளுக்குள் போவதற்கு முன்னர் இதை விளங்கிக்கொள்வது அவசியம், ஏனெனில் பின்னால் வரும் அறிவுரைகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. ஓர் அன்டெனா திறமையாக வேலை செய்வதற்கு அது பயன்படுத்தும் அலையின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காவது இருப்பது நல்லது. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். அதன் கால் பங்கு சுமார் 4 சென்டிமீட்டர். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதன் கால் பங்கு 8 சென்டிமீட்டருக்கும் அதிகம். கடிகாரத்தின் உடலோ மொத்தமே 4 முதல் 5 சென்டிமீட்டர்தான். தாழ்ந்த அலைவரிசைகள்தான் கோபுரத்திலிருந்து தூரம் போகின்றன, சுவர்களையும் மரங்களையும் ஊடுருவுகின்றன. ஆனால் அந்த அலைவரிசைகளில்தான் கடிகாரத்தின் சிறிய அன்டெனா மிகவும் தடுமாறுகிறது. அதாவது, கோபுரம் தொலைவில் இருக்கும் கிராமப்புறத்தில் கைபேசியைக் காப்பாற்றுகின்ற அதே அலைவரிசை கடிகாரத்தை அந்த அளவுக்குக் காப்பாற்றுவதில்லை.

இதோடு இன்னும் மூன்று குறைகள் சேர்கின்றன. கைபேசியில் 4ஜி சிக்னலை வாங்குவதற்குக் குறைந்தது இரண்டு அன்டெனாக்கள் இருக்கும். பல கடிகாரங்களில் இடப்பற்றாக்குறையால் ஒன்றுதான் உண்டு. மணிக்கட்டில் உள்ள தசையும் இரத்தமும் பெரும்பாலும் நீர் என்பதால், அலையின் ஒரு பகுதியை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. மூன்றாவது குறையைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை: ஆப்பிள் வாட்சின் செல்லுலார் மாடல்கள் 2017 இல் வந்த சீரிஸ் 3 முதலே 2ஜியை அறியாதவை; சாம்சுங் கேலக்ஸி வாட்ச் 4 போன்றவற்றின் நிலையும் அதுவே. ஆகவே 2ஜி மட்டும் எட்டும் ஒரு மூலையில், சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பட்டன் கைபேசி ஒலிக்கும்போது விலையுயர்ந்த கடிகாரம் ஊமையாக இருக்கும்.

முதற்படி: எந்த ஏற்பாடு என்பதைத் தீர்மானியுங்கள்

கடிகாரம் வலையமைப்பில் சேர்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கைபேசியின் எண்ணையே கடிகாரத்தின் ஈசிம்முடன் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத சிம்) பகிர்ந்துகொள்வது. அழைப்பு வந்தால் இரண்டும் ஒலிக்கும். ஆப்பிள் வாட்சுக்கு இதுவே வழமையான முறை. ஐபோனும் கடிகாரமும் ஒரே நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்க வேண்டும் என்பதோடு, அந்த நிறுவனம் கடிகாரத்துக்கான எண் பகிர்வுச் சேவையை வழங்கவும் வேண்டும். இரண்டாவது, கடிகாரத்துக்கெனத் தனி எண்ணுள்ள ஈசிம். மூன்றாவது, சாதாரண நானோ சிம்மைச் செருகக்கூடிய கடிகாரம். பிள்ளைகளுக்கான 4ஜி கடிகாரங்களும் அண்ட்ரொய்ட் கடிகாரங்கள் சிலவும் இந்த வகை.

எண் பகிர்வு மிகவும் வசதியானது. ஆனால் என்னைக் கேட்டால், கைபேசியை உண்மையிலேயே விட்டுவிட விரும்பும் ஒருவருக்குத் தனி எண்தான் அதிக நம்பகமானது. காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

இரண்டாம் படி: வாங்குவதற்கு முன்னர் கேட்க வேண்டியவை

இலங்கையில் கைபேசிக்கு ஈசிம் கிடைக்கிறது என்பதால் கடிகாரத்துக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை வெவ்வேறு சேவைகள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் நிலையத்துக்குச் சென்று, கடிகாரத்தின் சரியான மாடல் இலக்கத்தைக் காட்டி, “இந்த மாடலுக்கு ஈசிம் தருவீர்களா, எண் பகிர்வா தனி எண்ணா, 4ஜி வழியான குரல் அழைப்பு இதில் இயங்குமா, மாதக் கட்டணம் எவ்வளவு” என்று கேளுங்கள். இவற்றுள் மூன்றாவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு இயங்காத கடிகாரம் ஒவ்வோர் அழைப்புக்கும் 3ஜிக்கு இறங்க வேண்டியிருக்கும். 3ஜி மெலிந்த இடத்தில், இணையம் வேலை செய்தாலும் அழைப்பு விழாது.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் அனுப்பிய கடிகாரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். செல்லுலார் கடிகாரங்கள் பிராந்தியத்துக்கு ஏற்ப வெவ்வேறு அலைவரிசைகளுடன் தயாரிக்கப்படுகின்றன. இலங்கையில் 2013 இல் தொடங்கிய 4ஜி சேவையின் முதுகெலும்பு 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3. உங்கள் மாடலின் தொழில்நுட்ப விபரத்தில் அது இல்லையென்றால், எந்த வலையமைப்பில் சேர்ந்தாலும் பயன் குறைவு. வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குப் பூட்டப்பட்ட கடிகாரமா என்பதையும் அனுப்பியவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

கைபேசியைப் போலவே கடிகாரத்துக்கும், கருவியை அடையாளம் காட்டும் தனி ஐஎம்ஈஐ இலக்கம் உண்டு. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்த இலக்கம் பதிவாகியுள்ளதா என்பதை, ஐஎம்ஈஐ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி அறியலாம். பணம் கொடுப்பதற்கு முன்னர் கடையில் நின்றபடியே இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: கைபேசியால் பாதையை அளந்து பாருங்கள்

கடிகாரம் கைக்கு வருவதற்கு முன்னரே இதைச் செய்யலாம். அண்ட்ரொய்ட் கைபேசியின் அமைப்புகளில், கைபேசி பற்றிய பகுதியில், சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் அலகில் காட்டப்படும். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் சோதனைத் திரை திறக்கும். நீங்கள் கடிகாரத்துக்குத் தேர்ந்தெடுக்க எண்ணும் அதே நிறுவனத்தின் சிம்மைக் கைபேசியில் போட்டு, 4ஜியில் இருக்கும்போது உங்கள் வழமையான இடங்களில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் மறைக்குறியுடன் வரும் என்பதால், 80 சிறந்தது, 100 நடுத்தரம், 110 மெலிவு, 120 விளிம்பு என்று வாசிக்க வேண்டும். ஒவ்வொரு 10 அலகும் சிக்னலின் வலுவில் பத்து மடங்கு வேறுபாடு.

என் கணிப்பு இதுதான்: கைபேசியில் மறை 100 க்கு மேலே நிற்கும் இடங்களில் கடிகாரத்தை நம்பலாம்; மறை 105 க்குக் கீழே இறங்கும் இடத்தில், கைபேசி பேசுகிறது என்பதற்காகக் கடிகாரமும் பேசும் என்று எண்ணக் கூடாது.

எங்கே அளப்பது? நகரம் ஒரு குடாநாட்டில், குன்றுகளுக்கும் குடாக்களுக்கும் இடையில் அமைந்திருப்பதால், கோபுரம் அருகில் இருந்தும் நிழல் விழும் இடங்கள் உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டைப் பாதையையும், சுவாமி மலையின் கடலைப் பார்த்த பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பாறை நடுவில் வந்துவிட்டால் சில அடி தூரத்துக்குள்ளேயே எண் மாறிவிடும். உட்துறைமுக வீதியிலும் சீனன்குடாப் பக்கத்திலும் நீர்ப்பரப்பைக் கடந்து எதிர்க்கரைக் கோபுரத்தின் சிக்னல் வந்து சேரக்கூடும். கைபேசியில் அது வலுவாகத் தெரியலாம், ஆனால் தூரத்துக் கோபுரத்துக்குத் திரும்பிக் குரல் அனுப்பும் வேலை கடிகாரத்துக்குக் கடினம். கந்தளாயைத் தாண்டி ஹபரணை வரையிலான ஏ6 வீதியில் காட்டுப் பகுதிகளைப் பஸ்ஸின் உள்ளே இருந்தபடியே அளவுங்கள். தகட்டு உடலுள்ள பஸ் தானும் சிக்னலைக் குறைக்கும். வீட்டிலும் அப்படியே: தகரக் கூரையின் கீழும், கொங்கிறீட் தட்டுள்ள மாடி வீட்டின் நடு அறையிலும், முற்றத்திலும் கிடைக்கும் எண்கள் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டு நிறுவனங்களின் சிம்களை வைத்து ஒரே நேரத்தில் அளந்தால் இன்னும் நல்லது. இரட்டைச் சிம் கைபேசியில் ஒரு வலையமைப்பு கைவிட்டால் மற்றது இருக்கும்; கடிகாரமோ பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இயங்கும். ஆகவே அந்த ஒன்று எது என்பதை விளம்பரத்தையோ நண்பர்களின் சொல்லையோ வைத்துத் தீர்மானிக்காமல், உங்கள் பாதையின் மிக மோசமான இடத்தில் எது நன்றாக நிற்கிறது என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். நகரத்தில் எந்த நிறுவனம் வேகமானது என்பது இங்கே பொருட்டல்ல.

நான்காம் படி: கடிகாரத்தைத் தனியே விட்டுச் சோதியுங்கள்

கைபேசி அருகில் இருக்கும்வரை கடிகாரம் புளூடூத் வழியாக அதன் சிக்னலையே இரவல் வாங்குகிறது. அடுத்து அறிந்த வைஃபையைத் தேடும். அதுவும் இல்லாதபோதுதான் தன் சொந்தச் செல்லுலாருக்கு வரும். எனவே பையில் கைபேசியை வைத்துக்கொண்டு செய்த எந்தச் சோதனையும் சோதனையல்ல.

வீட்டு வாசலில் இருந்து நடக்கத் தொடங்கி, கடிகாரம் செல்லுலாருக்கு மாற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனியுங்கள். வீட்டு வைஃபையின் மெலிந்த ஓரத்தில் அது விடாமல் தொங்கிக்கொண்டு நிற்பதுண்டு. அந்த இடைவெளியில் வரும் அழைப்பு தவறிவிடலாம். கேலக்ஸி வாட்சில் மொபைல் வலையமைப்பு அமைப்பைத் தானியங்கி நிலையிலிருந்து எப்போதும் இயங்கும் நிலைக்கு மாற்றினால் இந்தத் தயக்கம் குறையும், பற்றரி விரைவாக இறங்கும் என்ற விலையோடு. ஆப்பிள் வாட்சில் புறப்படும்போது ஐபோனின் புளூடூத்தை அமைப்புகள் பகுதிக்குள் சென்று நிறுத்திவிட்டு, கடிகாரத்தின் வைஃபையையும் நிறுத்தினால் அது செல்லுலாருக்குப் போயே ஆக வேண்டும்.

வெளியே அழைப்பதைவிட, வரும் அழைப்பே உண்மையான சோதனை. நீங்கள் அழைக்கும்போது கடிகாரம் விழித்திருக்கிறது, கையும் உயர்ந்திருக்கிறது. வரும் அழைப்போ கை தொங்கிக்கொண்டிருக்கும்போது, திரை அணைந்திருக்கும்போது வந்து எட்ட வேண்டும். வீட்டில் ஒருவரிடம், நீங்கள் எதிர்பாராத நேரங்களில் அழைக்கும்படி சொல்லிவைத்து, அவர் அழைத்த நேரங்களையும் உங்களுக்கு ஒலித்த நேரங்களையும் மாலையில் ஒப்பிடுங்கள். எண் பகிர்வு முறையில் வீட்டிலுள்ள கைபேசியும் ஒலிக்கும். அதை எவரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பாதையில் ஒரேயொரு நாள் சரிவந்தது போதாது. மழை நாளிலும், மாலையில் எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்திலும், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்திலும் மறுபடி செய்து பாருங்கள்.

பேசும்போது குரல் அறுந்தால், கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிப்பதே முதல் மருந்து. ஆனால் கையை விலக்கினால் ஒலிவாங்கி வாயிலிருந்து தூரப் போய்விடும் என்பதால், கடிகாரத்துடன் நேரடியாக இணைத்த புளூடூத் இயர்போன் இந்தச் சிக்கலை ஓரளவு தீர்க்கும். மீன் சந்தை போன்ற இரைச்சலான இடத்தில் இயர்போன் இல்லாமல் கடிகாரத்தில் பேச முயல்வது வீண்.

ஐந்தாம் படி: சிக்னல் அறுந்தால் அழைப்பு எங்கே போக வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியை மட்டும் செய்ய நேரம் உண்டென்றால், இதைச் செய்யுங்கள். கடிகாரம் சில இடங்களில் எட்டாமல் போவது உறுதி. அதைத் தடுக்க முடியாது, ஆனால் அந்த நேரத்தில் வரும் அழைப்பை இன்னொரு மனிதரிடம் சேர்க்க முடியும்.

அழைப்பைத் திருப்பிவிடும் வசதி கடிகாரத்தில் இல்லை, வலையமைப்பில் இருக்கிறது. ஆகவே கருவி அணைந்திருந்தாலும் அது வேலை செய்யும். கடிகாரத்துக்குத் தனி எண் இருந்தால், வீட்டை விட்டுப் புறப்படும்போது கைபேசியில் **21*கடிகார எண்# என்று அழையுங்கள். கைபேசி எண்ணுக்கு வரும் எல்லா அழைப்புகளும் கடிகாரத்துக்குப் போகும். திரும்பியதும் ##21# அழைத்து நீக்கிவிடலாம். அடுத்து, கடிகார எண்ணுக்கு எட்ட முடியாதபோது அழைப்பை வீட்டுத் தொலைபேசிக்கோ கணவன் அல்லது மனைவியின் எண்ணுக்கோ திருப்புவதற்கு **62*அந்த எண்# என்பதை ஒரு தடவை பதிந்துவிடுங்கள். சிம் கழற்றக்கூடிய வகை என்றால், சிம்மைக் கைபேசியில் போட்டு இதைப் பதிந்துவிட்டு மீண்டும் கடிகாரத்தில் போடலாம். ஈசிம் என்றால், வாடிக்கையாளர் சேவையிடம் செய்துதரும்படி கேட்கலாம். இதன் பின்னர் நீங்கள் ஹபரணைக் காட்டுக்குள் இருக்கும்போது உங்களை அழைக்கும் ஒருவருக்கு “நீங்கள் அழைத்த இலக்கம்” என்ற பதிவுக்குரல் கேட்காது. வீட்டில் ஒருவர் எடுப்பார். திருப்பிவிட்ட பகுதிக்கான கட்டணம் உங்கள் கணக்கிலேயே கழியும் என்பதால் ரீலோட் மீதி இருக்க வேண்டும்.

எண் பகிர்வு முறையில் இந்தச் சுதந்திரம் குறைவு. ஒரே எண் இரண்டு கருவிகளிலும் இருப்பதால், கைபேசி வீட்டில் இயங்கிக்கொண்டிருக்கும்வரை அந்த எண் “எட்டாத” எண்ணாகக் கருதப்படுவதில்லை. அழைப்பு வெறும் மேசையில் ஒலித்து ஓயும். அங்கே **61*எண்# என்ற, பதில் இல்லாதபோது திருப்பும் முறையே பொருந்தும். தனி எண்ணை நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

ஆறாம் படி: குறுஞ்செய்தி, வட்ஸ்அப், வங்கி இலக்கம்

திருப்பிவிடும் முறை குரல் அழைப்புக்கு மட்டுமே உரியது. குறுஞ்செய்தி அதனுடன் போகாது. வங்கியின் ஒருமுறை இலக்கம் கைபேசி எண்ணுக்கே வரும். எண் பகிர்வு முறையில் உள்ள ஆப்பிள் வாட்ச் சாதாரணக் குறுஞ்செய்திகளையும் பிற செயலிகளின் அறிவிப்புகளையும் பெறுவதற்கு, வீட்டிலுள்ள ஐபோன் இயங்கிக்கொண்டும் ஏதாவதோர் இணைய இணைப்பில் இருந்துகொண்டும் இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆகவே மின்வெட்டில் வீட்டு ரவுட்டர் நின்றுவிட்டால், கைபேசியின் மொபைல் டேட்டா திறந்திருக்க வேண்டும். அதைச் சார்ஜரில் வைத்துவிட்டே புறப்பட வேண்டும்.

கூகுளின் வேர் ஓஎஸ் மென்பொருளில் இயங்கும் கடிகாரங்களுக்கு 2023 இல் வந்த வட்ஸ்அப் கைபேசி அருகில் இல்லாமலே இயங்கும். ஆயினும் முதன்மைக் கைபேசியை 14 நாள்களுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் இணைத்த கருவிகள் வெளியேற்றப்படும். கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்துவதற்குக் கமரா வேண்டும் என்பதால், சட்டைப்பையில் கொஞ்சம் காசு இருக்கட்டும்.

ஏழாம் படி: பற்றரி, வெக்கை, கடல்

செல்லுலாரில் பேசுவது பற்றரியை எப்படித் தின்னும் என்பதற்கு ஓர் அளவு: ஆப்பிள் தன் சீரிஸ் 3 இல் 4ஜி வழியாக ஒரு மணி நேரம் பேசலாம் என்று அறிவித்தது. அந்த மாடலுக்கு நாள் முழுவதும் என்று சொல்லப்பட்ட 18 மணி நேரம் பெரும்பாலும் கைபேசி அருகில் இருக்கும் நாளுக்குரியது. சிக்னல் மெலிந்த இடத்தில் கடிகாரம் கோபுரத்தைத் தேடிக்கொண்டும், உச்ச வலுவில் ஒலிபரப்பிக்கொண்டும் இருப்பதால் செலவு இன்னும் கூடும். மூன்றாம் படியில் சிக்னலே இல்லை என்று கண்ட வழித்துண்டுகளில் விமான நிலைக்கு மாற்றிவிட்டு, மறுமுனையில் திறப்பது நல்லது.

ஆப்பிள் வாட்ச் இயங்குவதற்குரிய சுற்றுச்சூழல் வெப்பத்தின் மேல் எல்லை 35 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் நண்பகல் அந்த எல்லையை எட்டுவதும் தாண்டுவதும் புதுமையல்ல. வெயிலில் மோட்டார் சைக்கிளில் போகும்போது நீண்ட அழைப்பு பேசினால், உள்ளேயிருந்து வரும் சூடும் வெளி வெக்கையும் சேர்ந்து கருவியைத் தளர்த்தும். பேச வேண்டியதை நிழலில் நின்று பேசுங்கள்.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீர் புகாத கடிகாரம் என்பதற்கும் நீருக்குள் சிக்னல் கிடைக்கும் என்பதற்கும் தொடர்பில்லை. உப்புநீர் வானொலி அலைகளை அடியோடு விழுங்கிவிடும். நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புறாத்தீவுக்குப் போகும்போது படகில் இருக்கும்வரை சிக்னல் கிடைக்கலாம். பவளப்பாறை பார்க்க மூழ்கி நீந்தும் நேரத்தில் கிடைக்காது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒலிபெருக்கித் துளைகளில் உப்பும் மணலும் தங்காமல் பார்க்க வேண்டும். அழைப்பில் குரல் மங்குவதை சிக்னலின் குறை என்று பலர் எண்ணிக்கொள்வது இதனால்தான். மீன்பிடிக்கப் போகும் எவரும் கடலில் விஎச்எஃப் வானொலிக்குப் பதிலாகக் கடிகாரத்தை எண்ணவே கூடாது.

எட்டாம் படி: அவசர அழைப்பும் புயல் நாளும்

பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 ஆகிய எண்களைக் கடிகாரத்தின் தொடர்புப் பட்டியலின் மேலே பதிந்துவையுங்கள். விழுந்தால் தானாக அழைக்கும் வசதி இருந்தாலும், அது எந்த எண்ணை அழைக்கும் என்பதைக் கடிகாரத்தின் அமைப்பில் பார்த்துவைக்க வேண்டும்; சோதிப்பதற்காக அவசர எண்களை அழைக்க வேண்டாம். குடும்பத்தவர் ஒருவருக்கும் சேர்த்து அறிவிப்புப் போகுமாறு அமைப்பதே பயன் தருவது.

2020 டிசம்பர் 2 இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது போன்ற நாள்களில் இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாகிவிடும். மின்சாரம் நின்றால் கோபுரங்கள் தமது பற்றரியிலும் ஜெனரேட்டரிலும் தங்கியிருக்கின்றன. அருகிலுள்ள கோபுரம் நின்றபின் எஞ்சுவது தூரத்துக் கோபுரம், தூரத்துக் கோபுரமோ கடிகாரத்தின் பலவீனம். ஐப்பசி தொடக்கம் தை வரையான வாடைக் காலத்தில் வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால் அன்று கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு நிறுவனங்களின் சிம், நிறைந்த பற்றரி, ஒரு பவர் பாங்க். கைபேசி எண்ணில் திருப்பிவிட்டவற்றையும் கைபேசியில் ##002# அழைத்து மொத்தமாக நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கைபேசிக்கு வர வேண்டிய அழைப்பு எட்டாத கடிகாரத்தையே தேடிக்கொண்டிருக்கும். எண் பகிர்வு முறையில் இருப்பவர்கள் மழை ஓய்ந்ததும் **61* பதிவை மறுபடி போடுவதற்கு மறக்க வேண்டாம். ##002# அதையும் சேர்த்தே அழித்திருக்கும்.